வியாழக்கிழமை வாக்கியங்கள்

பலெர்மோ
18.09.1997

அன்புள்ள விமலாவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. சுகம் விசாரிக்கும் வரியை இந்த முறை நீர் எழுதவில்லை. ஆகவே நானும் அதை விட்டு நேரே விடயத்துக்கு வருகிறேன்.

நீர் கேட்டிருப்பது ஒரே கேள்வி. வியாழக்கிழமைகளில் பாரில் என்னோடு இருக்கும் வெள்ளைக்காரி யார்? அதற்குப் பதில் தெரியாமல் இத்தாலி எம்பசியின் படியை மிதிக்கமாட்டேன் என்றும் எழுதியிருக்கிறீர். உம்மை இங்கே அழைப்பதற்கான அனுமதித் தாளை குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் கந்தோரில், விடியற்காலை வரிசையில் நின்று எடுத்து அனுப்பினேன். அந்தத் தாள் இந்த வருடம் முடியும்வரைதான் செல்லும். அதற்குள் நீர் விசா எடுக்காவிட்டால் எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் பதிலை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலில் திருத்தங்கள். இங்கே பார் என்றால் சாராயக் கடை அல்ல, கோப்பிக் கடை. காலையில் பாதிரியாரும் அங்கேதான் நிற்பார். நாங்கள் போவது சீசா என்ற பகுதியில் பஸ் தரிப்புக்கு முன்னால் உள்ள கடைக்கு. பின்பக்கத்தில் ஒரு மேசை இருக்கிறது. ஒரு கோப்பியோடு பொழுதுபடும்வரை இருந்தாலும் கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். ‘இளம் பெட்டை’ என்று எழுதியிருக்கிறீர். அவருக்கு நாற்பத்தாறு வயது, முழங்காலில் வாதம். சிவப்புக் கோட்டு என்பது சரி. இரண்டு பேரும் ஒரு புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்தோம் என்பதும் சரி, ஏனென்றால் புத்தகம் ஒன்றுதான்.

பெயர் மிரியானா. செர்பியா நாட்டவர். நோவி சாத் என்ற நகரத்தில் ஒரு மா ஆலையில் எழுதுவினைஞராக இருந்தவர். யுத்தம் தொடங்கிய பிறகு சம்பளம் பாண் வாங்கவும் போதாமல் போகவே இங்கே வந்துவிட்டார். நான் வேலை செய்யும் கட்டிடத்தில் எனக்கு மேல்மாடியில் ஒரு வயோதிப சிஞ்ஞோராவை, அதாவது ஒரு வீட்டு அம்மாவை, பார்த்துக்கொள்கிறார். கணவர் ரொறன்ரோவில் லொறி திருத்துகிறார். அவரிடம் போய்ச் சேர ரோமில் உள்ள கனடா எம்பசியில் ஒரு நேர்முகம் இருக்கிறது. அது ஆங்கிலத்தில் நடக்கும். பெப்ரவரி மாதம் அவர் எனக்கு ஓர் உதவி செய்தார். அதற்குக் கைமாறாகத்தான் இந்தப் படிப்பு. வியாழன் பிற்பகல் எங்கள் இரண்டு பேருக்கும் லீவு.

எங்களிடம் இருக்கும் புத்தகத்தில் ஆங்கில வினைகள் மூன்று நிரலாக இருக்கின்றன, ஊரில் நாங்கள் பாட்டுப் போலப் பாடமாக்கிய அதே வினைகள். செர்பியனில் கருத்து இல்லை. வியா மக்வேதா தெருவில் உள்ள புத்தகக் கடைகளில் கேட்டுப் பார்த்தோம், செர்பிய அகராதி யாரிடமும் இல்லை. ஆகவே நான் ஒவ்வொரு வினைக்கும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வேன். இரண்டு பேருக்கும் அரைகுறையாகத் தெரிந்த இத்தாலியனில் அதை விளக்குவேன். அவர் தமது மொழிச் சொல்லைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் பென்சிலால் எழுதுவார்.

போன மாதம் ‘பிறிங்’ என்ற வினைக்கு வந்தோம். பிறிங், புறோட், புறோட். கொண்டு வருவது என்று விளக்கினேன். அவர் பென்சிலை வைத்துவிட்டு, எதைக் கொண்டு வருவது என்று கேட்டார். எதையும், என்றேன். பாணையா, ஆளையா என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடம் ஆங்கிலத்தோடு மாரடித்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. ஆனால் நம்மவர் யாருக்கும் அது உடனே விளங்கும். நாங்கள் பாணைக் கொண்டு வருவோம், ஆளைக் கூட்டிக்கொண்டு வருவோம், மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவோம். செர்பியனிலும் அப்படியேதான். பொருள் என்றால் தொனெத்தி, ஆள் என்றால் தொவெஸ்தி. மூன்றாம் நிரலில் உள்ள ‘புறோட்’டுக்கு இன்னும் வேலை கூட. கொண்டுவரப்பட்ட பாண் தொனெத். கூட்டிவரப்பட்ட ஆண் தொவெதென், பெண் என்றால் தொவெதெனா. வண்டியில் வந்திறங்கிய மூட்டை தொவெசென். ஆங்கிலேயன் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சமாளித்திருக்கிறான். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அவர் நான்கு சொல்லை நெருக்கி எழுதி முடிக்க, அந்த வியாழனும் முடிந்துவிட்டது.

சான்றுக்கு எங்கள் வாக்கியங்கள் சிலவற்றைத் தமிழில் தருகிறேன். நான் சொல்லிக் கொடுத்து அவர் பாடமாக்கியவை. ‘நான் கிழவருக்குச் சூப் கொண்டு வருகிறேன், நேற்றும் கொண்டு வந்தேன்.’ ‘குளிர்காலத்தில் நான் ஏணியிலிருந்து விழுந்தேன்.’ ‘நான் குசினியில் படுக்கிறேன், ஆறு வருடமாகக் குசினியில் படுத்திருக்கிறேன்.’ ‘நான் என் மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டேன்.’ இவற்றில் காதல் எங்கே இருக்கிறது என்று நீரே தேடிப் பாரும்.

இந்தச் செய்தி உமக்கு எப்படி வந்தது என்பதையும் விசாரித்தேன். சீசாவில் இருக்கும் மன்னார் மரியமலரின் அக்கா வெள்ளவத்தையில் உமக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறா. மரியமலரை கபோ சந்தையில் மீன் கடையடியில் கண்டு கேட்டேன். அவ மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே, “நான் கண்டதைத்தான் எழுதினனான் அண்ணை. நீங்கள் ஊரிலை பேப்பருக்கு என்னத்தை எழுதினனீங்கள்? கண்டதைத்தானே?” என்றா. கண்டது சரி, அதன் கருத்தைக் கேட்டு எழுதியிருக்கலாமே என்றேன். “கருத்து எழுத எனக்கு என்ன சம்பளமே தருகினம்?” என்று சொல்லிவிட்டு, ஒரு நல்ல மீனாகப் பார்த்து எனக்கும் எடுத்துத் தந்தா.

இத்துடன் இந்த விடயம் தீர்ந்தது. வருகிற திங்கட்கிழமை எம்பசிக்குப் போம். கடவுச்சீட்டின் பிரதி இரண்டு கொண்டு போம். மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசிகள்.

விசா கிடைத்த செய்தியை எதிர்பார்க்கும்,
க. கோபாலசிங்கம்


வெள்ளவத்தை
06.10.1997

பிரசாந்தினியின் அப்பாவுக்கு,

உங்கள் அறிக்கை வந்தது. முதலில் கோபத்தோடு படித்தேன். பிறகு மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வேலைக்குப் போன பின்னர் தனியே இருந்து இன்னொரு தரம் படித்தேன்.

அந்த மனிசியைப் பற்றிய கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். முழங்காலில் வாதத்தோடு புருஷனிடம் போய்ச் சேரப் பாடுபடுகிறவளோடு எனக்கு என்ன கோபம்? நன்றாகப் படிப்பித்து அனுப்புங்கள்.

இப்போது என் கேள்விகள் வேறு.

எந்த ஏணி? பெப்ரவரியில் நீங்கள் எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ‘குளிர் குறைந்துவிட்டது, தோடம்பழம் மலிவு, சுகமாக இருக்கிறேன்’ என்று இருக்கிறது. எழுத்தெல்லாம் சரிந்து கிடந்தது. “அப்பான்ரை எழுத்து மாதிரி இல்லையே அம்மா” என்று அப்போதே பிரசாந்தினி சொன்னவள். “பஸ்ஸுக்குள்ளை இருந்து எழுதியிருப்பார், நீ சும்மா இரு” என்று நான்தான் அவளை அடக்கினேன்.

கந்தோரில் குசினி எதற்கு? அப்புக்காத்து ஒருவரிடம் வேலை என்று எழுதினீர்கள். பேப்பருக்குக் கோட்டு வழக்குச் செய்தி எழுதிக்கொண்டு திரிந்த மனிதருக்குப் பொருத்தமான வேலைதான் என்று நானும் இங்கே எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். சம்பந்தியம்மா ஒருநாள், “அவருக்குத் தனி மேசை, கதிரை எல்லாம் குடுத்திருப்பினம், என்ன?” என்று கேட்டா. “ஓம், ரைப்ரைட்டரும் இருக்கு” என்று சொல்லிவிட்டேன். இனி அந்த ரைப்ரைட்டரை நான் எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? வியாழன் பின்னேரம் கந்தோர் பூட்டுவார்களா என்று மரியமலரின் அக்காவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். “அது வீட்டுவேலை செய்யிற ஆக்களுக்குக் குடுக்கிற லீவு, விமலாக்கா. உங்களுக்குத் தெரியாதே?” என்றா. எனக்குத் தெரியாது.

வேலையில் எனக்கு வெட்கம் இல்லை. உங்களுக்குத்தான் இருந்திருக்கிறது. கிழவருக்குச் சூப் கொடுப்பதற்கு வெட்கப்படும் குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. என் அப்பாவைக் கடைசி இரண்டு வருடமும் குளிப்பாட்டினது யார் என்று நினைத்துப் பாருங்கள்.

எனக்கு நோகிற இடம் வேறு. ஒரு வினைக்கு ஒரு வாக்கியம் என்று உங்கள் சீவியம் முழுவதையும் ஒரு பிறத்தியாளுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அவ அதைப் பாடமாக்கியும் இருக்கிறா. எனக்கு ஆறு வருடமாகத் தோடம்பழத்தின் விலை.

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கேட்கக்கூடாது. இடம்பெயர்ந்து வரும்போது கிளாலியில் வள்ளத்தில் ஏறுகையில் சறுக்கி விழுந்து என் முன்பல்லு ஒன்று போய்விட்டது. நான் அனுப்பிய படங்களில் வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, ‘ஏன் கோபமாக நிற்கிறீர்’ என்று எழுதினீர்கள். கோபம் இல்லை.

நான் நான்கு வினை தருகிறேன். விழு. படு. சாப்பிடு. அழு. நாலும் உங்கள் மூன்று நிரலில் உள்ளவைதானாம், மகள் தன் பழைய ஆங்கிலப் புத்தகத்தில் பார்த்துச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். பேப்பருக்கு எழுதுகிற மாதிரி வேண்டாம். அது வரட்டும், நான் எம்பசிக்குப் போவதா விடுவதா என்று பார்க்கலாம். யாரென்று தெரியாத மனிதரின் வீட்டுக்கு நான் விசா எடுத்துக்கொண்டு வரமாட்டேன்.

இப்படிக்கு,
விமலராணி


பலெர்மோ
23.10.1997

அன்புள்ள விமலா,

நீர் தந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

அப்புக்காத்துக்கு எண்பத்தெட்டு வயது. பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. கடைசியாக வழக்குப் பேசி இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். கந்தோர் இல்லை, வழக்கு இல்லை. வியா மக்வேதாவில் மூன்றாம் மாடியில் ஒரு பழைய வீடு. யன்னல்கள் கதவு அளவு உயரம், அவற்றுக்கு வெல்வெட் திரை. பெப்ரவரியில் அந்தத் திரையைத் தோய்க்கக் கழற்றும்போதுதான் ஏணி சறுக்கியது. வலது மணிக்கட்டு முறிந்தது. நீர் வைத்திருக்கும் கடிதம் இடக்கையால் எழுதியது. பிரசாந்தினிக்கு நல்ல கண்.

கிழவரின் மகள் வேறு வீட்டில் இருக்கிறா. பின்னேரம் வந்து பார்ப்பா. கையைப் பார்த்துவிட்டு, அப்பாவைக் கழுவ முடியாத ஆளை நான் எப்படி வைத்திருப்பது, ஒரு கிழமை பார்க்கிறேன் என்றா. நியாயமான பேச்சுத்தான். அந்த வேலை போனால் என் பெர்மெஸ்ஸோவை, இங்கே இருக்கும் அனுமதியை, புதுப்பிக்க முடியாது, அது இல்லாமல் உம்மை அழைக்கும் தாளும் இல்லை. அடுத்த நாள் விடிய கதவைத் தட்டியது மிரியானா. தன் சிஞ்ஞோரா எழும்ப முன்னர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி வந்து, கிழவரைத் துடைத்து, சவரம் செய்து, உடுப்பு மாற்றிவிட்டு மேலே போவார். என் கட்டு அவிழ்க்கும்வரை அப்படிச் செய்தார். கிழவரின் மகள் ஒருநாள் விடிய வந்து பார்த்துவிட்டுப் போனா. பிறகு வேறு ஆளைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. என்ன கைமாறு செய்வது என்று மிரியானாவிடம் கேட்டேன். ஆங்கிலம், என்றார். போன கடிதத்தில் ‘ஓர் உதவி’ என்று இரண்டு சொல்லில் முடித்தது இதைத்தான்.

படுப்பது குசினியில். மடிக்கிற கட்டில், குளிர்சாதனப் பெட்டிக்கும் கதவுக்கும் நடுவில். அங்கே படுத்தால்தான் கிழவர் மணி அடிப்பது கேட்கும். குளிர்காலத்துக்கு நல்ல இடம். வெயில் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. கிழமை நாட்களில் கிழவருக்கு வைக்கும் பாஸ்தாதான் எனக்கும். ஒருநாள் எனக்கென்று வைத்த பருப்பைக் கிழவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இது எந்த ஊர்ச் சூப் என்றார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பேருக்கும் பருப்பு. ஞாயிறு காலையில் கபோவில் மீன் வாங்கி மரியமலர் வீட்டில் கொடுப்பேன். அவ சமைத்துத் தருவா. தன் அக்காவுக்கு அந்தச் செய்தியை எழுதிய பிறகும் அப்படித்தான். போன ஞாயிறு சோறு போடும்போது, “அண்ணை, அந்த மனிசிக்கும் ஒரு கோப்பையிலை கட்டித் தாறன், கொண்டுபோய்க் குடுங்கோ. அதுக்காக நான் எழுதினது பிழை எண்டு நினைக்காதேங்கோ” என்றா.

நான்காவது. தொண்ணூற்றைந்து ஐப்பசியில் யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே நாளில் எழும்பி நடந்தது என்று வானொலியில் கேட்டேன். உங்களைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. கொழும்பில் ரெலிபோன் எடுத்த இடமெல்லாம் தெரியாது என்றார்கள். குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் ஓடும் சத்தம் நிற்காததைக் கேட்டு, கிழவர் உள்ளேயிருந்து, சிங்கா, என்ன செய்கிறாய் என்று கத்தினார். தொட்டி கழுவுகிறேன் என்றேன். அடுத்த நாளும் தொட்டி கழுவினேன். மூன்றாம் முறை அவர், தண்ணீரைப் பூட்டிவிட்டு இங்கே வந்து அழு, இந்த அறையில் ஹீற்றர் இருக்கிறது என்றார். போய் அவர் கட்டில் அருகே இருந்தேன். அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உமது தந்தி கார்த்திகை கடைசியில் வந்தது. அதை அவருக்கு இத்தாலியனில் சொன்னேன். நல்ல வைன் ஒன்று எடுக்கச் சொன்னார்.

நான் கந்தோர் என்று எப்போதும் எழுதவில்லை. அப்புக்காத்திடம் வேலை என்று எழுதினேன். நீர் கந்தோர் என்று விளங்கிக்கொண்டீர், நான் அதைத் திருத்தவில்லை. ஊராரின் பிழையெல்லாம் சிவப்பு மையால் திருத்தியவன் இதை விட்டுவிட்டேன். மிரியானாவிடம் சொல்வது சுலபமாக இருந்தது, ஏனென்றால் அவருக்கு என்னைப் பற்றி வேறு எதுவும் தெரியாது. உமக்கு எல்லாம் தெரியும். ரைப்ரைட்டரை விற்றுவிட்டதாகச் சம்பந்தியம்மாவிடம் சொல்லும்.

கிளாலியில் பல்லுப் போன செய்தியை இரண்டு வருடம் கழித்து அறிகிறேன். அந்தப் படம் இங்கே என் கட்டிலுக்கு மேல் சுவரில் இருக்கிறது. கோபம் என்றே நினைத்துக்கொண்டு தினமும் அதன் கீழே படுத்தேன்.

மிரியானா போன கிழமை ரோமுக்குப் போய் வந்தார். நேர்முகம் நடத்தியவர் ஒரு பெண். இங்கே என்ன செய்கிறாய் என்றுதான் முதலில் கேட்டாராம். நான் ஒரு வயதான அம்மாவுக்குச் சூப் கொண்டு வருகிறேன், நேற்றும் கொண்டு வந்தேன், மூன்று வருடமாகக் கொண்டு வந்திருக்கிறேன் என்று தடக்காமல் சொல்லியிருக்கிறார். ஆங்கிலம் யார் சொல்லித் தந்தது என்ற கேள்விக்கு, கீழ்மாடியில் இருக்கும் பேப்பர்காரர் என்றாராம். முடிவு தபாலில் வரும். கிடைக்கும் என்பது என் கணிப்பு. அவரும் பழைய பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறார்.

உம்மை அழைக்கும் தாளுக்கு ஒரு வீடு காட்ட வேண்டும் என்பதால் சீசாவில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறையும் சும்மா கிடக்கின்றன. ஒன்றில் யன்னல் தெருப்பக்கம். சுண்ணாம்பு அடித்துவிட்டேன். கட்டில் வாங்கவில்லை, நீர் வந்து பார்த்துச் சொன்னால் போதும். இரவுக்கு வேறு ஆள் வைக்கக் கிழவரின் மகள் சம்மதித்துவிட்டா. நீர் வந்ததும் நான் சீசாவில்தான் படுப்பேன். இந்த வேலையைவிட நல்லது கிடைக்கும் என்று உமக்கு வாக்குத் தரமாட்டேன். இந்த வேலையை நான் நன்றாகச் செய்கிறேன் என்று சொல்ல முடியும்.

விசா கிடைத்ததும் விமானம் வரும் நாளை முன்கூட்டியே எழுதும். வியாழன் பிற்பகலோ ஞாயிறோ என்றால் நான் தனியே வந்து நிற்பேன். வேறு நாள் என்றால் கிழவரைத் தனியே விட முடியாது. அவரையும் சக்கரக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டுதான் வருவேன். அவரிடம் கேட்டுவிட்டேன். பெண்பிள்ளை ஒருவரை வரவேற்பதென்றால் கழுத்துப்பட்டி கட்ட வேண்டும் என்கிறார். விமான நிலைய வாசலில் நம்மவர் கூட்டம் நிற்கும், பார்ப்பார்கள். அவருக்கு வாய் வழிந்தால் அங்கேயே, அவர்களுக்கு முன்னால், உமக்கு முன்னால், என் லேஞ்சியால் துடைத்துவிட்டுத்தான் உமது பெட்டியை வாங்குவேன்.

எந்த நாளென்றாலும் சரி. வாரும், விமலா.

உமது,
கோபாலசிங்கம்